எட்டாம் பாகத்தின் கடைசிப் பக்கம்

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திதியன்று காலையில் அப்பா வாசல் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுங்கைப் பட்டாணி பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யார் வீட்டில் விசேஷமென்றாலும் கேட் அகலத் திறந்திருக்கும். செருப்புகள் சாலை வரைக்கும் வந்து கிடக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குப் பூட்டு. நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார் வீரசாமி என்கிற என் அப்பா.

பூட்டு என் அண்ணன் குணாளனுக்கு.

கோயில் திருவிழா ஒன்றில் இரண்டு கூட்டத்துக்கு இடையே நடந்த வெட்டுக்குத்தில் பாராங்கத்தியோடு பிடிபட்டு அண்ணன் சிறைக்குப் போனான். அவன் உள்ளே இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். தகவல் போய், அனுமதி கிடைத்து, அவனைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அத்தை மகன் ஜெயகுமார் வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அப்பா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு மகளான என்னைக் கூப்பிட்டு, "எனக்கு இனிமே ஒரே பிள்ள, அது நீதான்" என்றார். சொன்னதை அவர் மாற்றவே இல்லை.

அண்ணன் வெளியே வந்து சில மாதங்கள் ஆகின்றன. கோலா கெத்திலில் ஒரு டயர் கடையில் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. ஒரு முறைகூட அப்பா அவனை இந்தக் கேட்டைத் தாண்ட விடவில்லை. படையலுக்குக் கட்டாயம் வருவேன், அம்மாவுக்கு என் கையால் கற்பூரம் காட்ட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தான். அதை நான் அப்பாவிடம் சொன்னபோது, "கொள்ளி வெக்காதவன் கற்பூரம் காட்ட வேணாம்" என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்பாவுக்கு உள்ளேயே கொதிக்கும், எனக்கு வெளியே பொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். திதிக்கு முந்தின வாரம் புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பொங்கிவிட்டது. அறைக்குள் போய் எட்டுப் புத்தகங்களைத் தூக்கி வந்து அவர் முன்னால் தடாலென்று போட்டேன்.

"மனுசன் மாறவே மாட்டான்னு சொல்றீங்கல்ல? இந்தாங்க. ஒரு ஆளு எப்படி மாறுறான்னு இதுல போட்டிருக்கு, பாருங்க."

"என்னா இது, பொம்மப் புத்தகமா?"

"ஆமா, பொம்மப் புத்தகந்தான். எழுத்தெல்லாம் படிக்க வேணாம். படத்த மட்டும் பாருங்க, போதும் லா."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

அவர் பொம்மைப் புத்தகம் என்றது ஒரு ஜப்பானிய மங்கா, எட்டுப் பாகப் படக்கதை. எங்களிடம் இருந்தது மலாய்ப் பதிப்பு. 'பாஜு ஹுஜான்' என்று பெயர். நானும் அண்ணனும் மழைக்கோட்டுக் கதை என்போம். ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் முதலாளி ஒருவனுக்கு அடியாளாக இருக்கிற தோரு என்பவனின் கதை. முதலாளி கைகாட்டுகிற படகை எரிப்பான், கைகாட்டுகிற ஆளை அடிப்பான். எந்நேரமும் நீளமான மழைக்கோட்டு, காலரை மூக்கு வரைக்கும் தூக்கி விட்டிருப்பான். முதல் பாகம் முழுக்க அவன் வாய் தெரியாது. கையும் தெரியாது. இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். ஒரு கட்டத்தில் பைக்குள் கை, அடுத்த கட்டத்தில் எரிகிற படகு. நடுவில் நடந்ததை அந்த ஓவியர் வரையவே மாட்டார். நாம்தான் மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

நான் சுங்கைப் பட்டாணியில் பேனர் அச்சடிக்கிற கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். திறப்பு விழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஒரு முகத்தை எங்கே வைத்தால் ஜனங்கள் கண் அங்கே போகும் என்பது என் பிழைப்பு. அந்தத் திமிரோடு சொல்கிறேன், அந்த ஓவியருக்கு நான் அடிமை. மூன்றாம் பாகத்தில் ஒரு படகுக்காரனின் மனைவி தோருவுக்குத் தேநீர் நீட்டுகிறாள். அப்போதுதான் முதல் தடவையாக அவன் விரல்கள் வெளியே வருகின்றன. கை முழுசாக இல்லை, விரல்கள் மட்டும். அதற்கு ஒரு முழுப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார், வசனமே இல்லாமல். ஐந்தாம் பாகத்தில் காலர் கொஞ்சம் இறங்கி உதடு தெரிகிறது. நான் திருந்திவிட்டேன் என்று தோரு எங்கேயும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நானே புத்தகத்தை வீசியிருப்பேன்.

மழையைக் கண்டுபிடித்தவன் அண்ணன்தான். முதல் மூன்று பாகங்களை வாங்கியவனும் அவன்தான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மூன்றையும் வரிசையாக விரித்து வைத்து, "நல்லாப் பாரு, மழக் கோடு கம்மியாயிட்டே வருது. அவன் நல்லவனா ஆக ஆக, மழ வுடுது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிசைன் படித்தது நான், பார்த்தது அவன்.

மிச்சப் பாகங்கள் அவன் உள்ளே போன பிறகுதான் வந்தன. புத்தகத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், ஆளுக்கொரு டெலிபோன். நான் படம் படமாக வாயால் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் புருஷனைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். நான் மட்டும், "மேல முழுக்கக் கடலு, கீழ மூலையில சின்னதா அவன்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஒவ்வொரு தடவையும், "கை எங்க இருக்கு?" என்று மறக்காமல் கேட்பான். எட்டாம் பாகம், அதுதான் கடைசிப் பாகம், வந்தபோது கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"கடைசிப் பக்கத்த மட்டும் சொல்லாத. நான் வந்து பாத்துக்கிறேன்."

வெளியே வந்த பிறகு, கோலா கெத்திலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "வேணாம், வீட்ல வந்து பாக்குறேன்" என்றான். வீடு இப்போது பூட்டிக் கிடந்தது.

அத்தை புஷ்பவள்ளி விடிந்ததுமே வந்துவிட்டார். அப்பாவின் தங்கை. சமையலில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல், உளுந்து வடை என்று அடுப்பு மூச்சு விடாமல் எரிந்தது. அம்மாவுக்கு உயிரான மீ கோரேங், அந்த வறுத்த நூடுல்ஸை மட்டும் கடையில் வாங்கி வந்திருந்தேன். உச்சிப் பொழுதுக்குள் இலை போட்டாக வேண்டும். அந்த நேரத்தில்தான் அண்ணன் போனில் கூப்பிட்டான். நான் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய் எடுத்தேன்.

"கெளம்பிட்டியாண்ணே? பஸ் ஏறிட்டியா?"

"பஸ்ஸு இல்ல. காடில வரேன்."

"யாரு காடி?" அவனிடம் சொந்தக் கார் கிடையாது.

"காளிதாசன்."

காளிதாசன் அந்தப் பழைய கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவன். அண்ணன் கைக்குப் பாராங்கத்தி வந்தது அவன் மூலமாகத்தான். திருவிழா அன்று போலீஸ் வந்தபோது எல்லாரும் பிடிபட்டார்கள், இவன் மட்டும் காணாமல் போயிருந்தான்.

"அவன் எதுக்குண்ணே வந்தான்?"

"காலைல கட முன்னால வந்து நின்னான். ஜோகூர்ல வேல இருக்காம். இன்னிக்கே போறாங்க. எனக்கு எடம் வெச்சிருக்கானாம். போற வழியில உங்க வீட்ல எறக்கி வுடுறேன்னான்."

"என்னா வேல?"

"கேக்காத."

"அண்ணே, வேணாம் லா. எறங்கிடு. நான் கிராப் டாக்சி போட்டு வரேன், எங்க இருக்கன்னு சொல்லு."

"சாந்தினி, நான் சொல்றதக் கேளு. கேட்டு தொறந்திருந்தா உள்ள வந்து கற்பூரம் காட்டிட்டு இங்கயே இருந்துக்கிறேன், அவன் எங்கயோ போவட்டும். பூட்டியிருந்தா இனிமே நான் வந்து நிக்க மாட்டேன். வெளியருந்தே அம்மா படத்தக் கும்பிட்டுட்டு அதே காடில ஏறிடுவேன். எவ்ளோ நாளைக்குத்தான் நானும் நிக்கிறது? அப்பாகிட்ட ஒன்னும் கெஞ்சாத."

வைத்துவிட்டான். கெஞ்சாதே என்று என்னிடம் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? நேராக ஹாலுக்குப் போனேன். அப்பா அம்மாவின் படத்தைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணன் வந்துக்கிட்டிருக்கான். காளிதாசன் காடில வர்றான். நீங்க தொறக்கலன்னா அவன்கூட ஜோகூர் போயிடுவான். போனா என்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும். சாவியக் குடுங்க."

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு குங்குமத்தை எடுத்தது.

"திருந்துனவன் எதுக்கு அவன் காடில வர்றான்?"

"பஸ்ஸுக்குக் கெளம்புனவனக் கடையிலயே வந்து அள்ளிக்கிட்டு வர்றான் அவன்!"

"ஏன் கத்துற? திதி நாளு." அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்கப்பா சொல்றதுல என்னா தப்பு? போன தடவையும் இப்படித்தான், வந்தான், அழுதான், அம்மா தலைல அடிச்சு சத்தியம் பண்ணான். என்னா ஆச்சு?"

"நீங்க வடையப் பாருங்க அத்த."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவோ என்னைத் திட்டவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ குடுத்த புத்தகத்தப் பாத்தேன்."

நான் எதிர்பார்க்கவே இல்லை. "பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ வேலைக்குப் போனப்புறம் தெனம் பாத்தேன். நல்லாத்தான் வரஞ்சிருக்கான். ஆனா நீ சொன்ன மாதிரி ஒன்னும் இல்ல அதுல. அவன் எங்க மாறுறான்?"

"மாறலயா?"

"ஒவ்வொரு புத்தகமும் எடுத்ததும் நல்லவனாத்தான் இருக்கான். முடிக்கிறப்ப கெட்டுத்தான் போறான். மொதப் புத்தகத்துல ஒரு வீட்டு வாசல்ல வெளக்கு கொண்டாந்து வெக்கிறான். தங்கமான ஆளுன்னு நெனச்சேன். கடைசியில பாத்தா படக எரிச்சிட்டுப் போறான். ரெண்டாவதுல ஒரு படகுக்காரனுக்கு வலயத் தோள்ல சாத்தித் தூக்கிட்டுப் போறான். கடைசியில அதே படகுக்காரன் கைய ஒடைக்கிறான். ஏழு புத்தகமும் அப்படித்தான். எனக்குப் புத்தகம் வேற வேணுமா? இதத்தான நான் இந்த வீட்ல இத்தன வருசமா பாத்துட்டிருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மனிதர் எந்தக் கதையைப் பார்த்தார்? தோரு படகை எரிப்பது முதல் அத்தியாயத்தில். எரித்த படகின் விளக்கைக் கடலோரத்தில் கண்டெடுத்து, துடைத்து, அந்தப் படகுக்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போவதுதான் முதல் பாகத்தின் கடைசிப் பக்கம். அதையும் கை தெரியாதபடி முதுகுப் பக்கமிருந்தே வரைந்திருப்பார். வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறார், வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எட்டாவது? அதுலயும் கெட்டுப் போறான்னு சொல்லப் போறீங்களா?"

"எட்டாவத முடிக்கல."

"ஏன்?"

"எடுத்ததுமே ஒரு வீடு. அவன்மேல கோட்டக் காணோம். மழயும் இல்ல. வாசல்ல நிக்கிறான், கதவு தொறந்திருக்கு, வெளிச்சம் வருது. எனக்கு அதுக்கு மேல திருப்ப மனசு வரல. திருப்புனா அவன் மறுபடி கத்தியத் தூக்குவான்னு தெரியும். எதுக்குப் பாக்கணும்? அப்படியே மூடி வெச்சிட்டேன்."

அவர் சொன்னது எட்டாம் பாகத்தின் கடைசிப் பக்கம். மொத்தக் கதையும் வந்து நிற்கிற பக்கம். அதை எடுத்ததும் பார்த்தேன் என்கிறார்.

டிவி மேசைக்கு ஓடினேன். எட்டுப் பாகங்களும் எண் வரிசையில் அடுக்கியிருந்தன. எட்டாம் பாகத்துக்குள் அவர் அடையாளத்துக்குச் செருகியிருந்த அர்ச்சனைச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. இடது அட்டையைத் திறந்த உடனே, இரண்டாவது தாளில். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மங்காவை வலது பக்கத்திலிருந்து திறந்து இடது பக்கமாகப் படித்துக்கொண்டு போக வேண்டும். ஜப்பான்காரர்கள் வழக்கம் அது, மலாய்ப் பதிப்பிலும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்பாவோ தமிழ்ப் பேப்பரையும் பஞ்சாங்கத்தையும் திறக்கிற மாதிரி திறந்திருக்கிறார். ஒவ்வொரு பாகத்தையும் முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் பார்த்திருக்கிறார். தப்பான பக்கம் திறக்கிறவர்களுக்கென்று ஓர் எச்சரிக்கைப் பக்கமே உண்டு, பெரிய எழுத்தில் 'நிறுத்து' என்று மலாயில். சிகரெட் பெட்டியில் போடுகிற மாதிரி ஏதோ என்று தள்ளியிருப்பார்.

எழுத்தை விட்டுப் படத்தை மட்டும் பாருங்கள் என்று சொன்னவள் நான்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இப்போது என் கையில் பதில் இருந்தது. கெட்டவன் நல்லவனாவதை, நல்லவன் கெட்டவனாவதாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைத் திருப்பிக் காட்டினால் போதும்.

"அப்பா!" என்று புத்தகத்தோடு திரும்பினேன். ஹாலில் அவர் இல்லை. வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

கறுப்புக் கார். எஞ்சினை நிறுத்தவில்லை. காளிதாசன் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, ஒரு கையை வெளியே தொங்கவிட்டிருந்தான். அண்ணன் இறங்கி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான். வெள்ளைச் சட்டை, புதுசு. செருப்பைச் சாலையிலேயே கழற்றிவிட்டிருந்தான். வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. பூட்டைப் பார்த்தான். அப்பா கார் நிறுத்துகிற இடத்தில், கேட்டுக்கு நான்கு எட்டு இந்தப் பக்கம் அசையாமல் நின்றார்.

நான் அண்ணனின் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கைகளும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.

"குணா, லேட்டாவுதுடா" என்றான் காளிதாசன். குரலில் அத்தனை அன்பு. "எத்தன தடவடா இப்படி வந்து நிப்ப? உன்ன வேணாம்னு சொல்றாங்க. வேணும்னு சொல்றவன் இங்க ஒக்காந்திருக்கேன். வா."

திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே அம்மாவின் படம் தெரியும். அண்ணன் கைகளை வெளியே எடுத்துக் கும்பிட்டு, கண்ணை மூடினான். சொன்னபடியே செய்கிறான். கும்பிட்டு முடித்ததும் காரில் ஏறிவிடுவான். அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"அப்பா, நீங்க தப்பாப் பாத்துட்டீங்க. இந்தப் புத்தகம் இருக்கே, இத—"

"கதவத் தொறந்தது யாரு?" என்றார் அப்பா, தணிந்த குரலில்.

"என்னா?"

"எட்டாவது புத்தகத்துல. அந்த வீட்டுக் கதவ யாரு தொறந்தா? கதவு தெரியுது, வெளிச்சம் தெரியுது, தொறந்த ஆளக் காணோம்."

"தெரியாதுப்பா. அத வரையல."

"எதுலயுந்தான் வரையல. மொதப் புத்தகம் முடியறப்ப படக எரிச்சிட்டுப் போறான். ரெண்டாவதத் தொறந்தா வலயத் தூக்கிட்டு மறுபடி மனுசனா வர்றான். ரெண்டாவதுல கைய ஒடைக்கிறான். மூணாவதத் தொறந்தா மறுபடி மனுசனா இருக்கான். தானா எப்படி வருவான்? ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் நடுவுல யாரோ உள்ள வுட்டிருக்காங்க. குளிக்கச் சொல்லி, சோத்தப் போட்டு, படுக்க வெச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும்." அவர் திரும்பி, வாசல் வழியாக அம்மாவின் படத்தைப் பார்த்தார். "நம்ம வூட்ல அது உங்கம்மா. அவன் எத்தன தடவ என்னா பண்ணிட்டு வந்தாலும் பின்கதவத் தொறந்து வுட்டவ அவதான். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுப்பா. நான் தூங்குனதில்ல. எல்லாம் கேட்டுக்கிட்டு கண்ண மூடிப் படுத்திருப்பேன். அவ இருக்கா, தொறப்பான்னு எனக்குத் தைரியம். அதனாலதான் என்னால பூட்ட முடிஞ்சது."

அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன். கதவைத் திறந்தவர் யாரென்று ஓவியர் வாசகர்களுக்கு விட்டுவிட்டார், என்ன அழகு, என்ன கட்டமைப்பு என்று கடையில் எல்லாரிடமும் பீற்றியிருக்கிறேன். திறந்தது யாராக இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்க்காமல் திரும்பி, காரின் மறுபக்கத்துக்கு நடந்தான். காளிதாசன் உள்ளிருந்தே கதவைத் தள்ளித் திறந்துவிட்டான். அண்ணனின் கை அந்தக் கதவின் மேல் பட்டது.

அப்பா சட்டைப் பையில் கையை விட்டார். சாவி உடனே வரவில்லை, பையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்த வேகத்தில் தையல் பிரிந்தது. பூட்டில் சாவியை நுழைக்க அவரால் முடியவில்லை. நான் பிடுங்கித் திறக்கப் போனேன். "வுடு, நான் தொறக்குறேன்" என்று என்னைத் தோளால் தள்ளினார். சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி நுழைத்தார். கார்க் கதவு இன்னும் மூடவில்லை. மூடிவிட்டால் தீர்ந்தது.

பூட்டு விட்டுக்கொடுத்தது. அப்பா இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளினார். அது தண்டவாளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே ஓடி, சுவரில் போய் இடித்து நின்றது.

"டேய் குணா. எல போட்டாச்சு. தார்ல கால் சுடும், உள்ள வா."

அண்ணனின் ஒரு கால் காருக்குள் இருந்தது.

"டேய், இப்ப வரியா இல்லியா?" என்றான் காளிதாசன். குரலில் இருந்த அன்பெல்லாம் போயிருந்தது. "இன்னிக்கு வுட்டா அப்புறம் எடம் கெடையாது. நாளைக்கு இந்தக் கெழவன் மறுபடி பூட்டுவான்."

நான் அண்ணனின் கையைப் பார்த்தேன். கதவின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒவ்வொன்றாக விட்டன. காலை வெளியே எடுத்தான்.

"நீ போ காளி."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுதான் சொல்றேன். போ."

காளிதாசன் திறந்த கதவோடேயே காரை எடுத்தான். சாலை முனையில்தான் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் வெறுங்காலோடு கேட்டைத் தாண்டி வந்தான். அப்பா அவனைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. "கால் கழுவு" என்று குழாயைக் காட்டினார். அத்தை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னோர் இலையை எடுத்து வைத்தார்.

அண்ணன் அம்மாவுக்குக் கற்பூரம் காட்டினான். தட்டைச் சுற்றும்போது அழுதான், சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி. நானும் அழுதேன். அப்பா பக்கத்தில் நின்று, "எரியுது பாரு, கையப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் அண்ணன் டிவி மேசைப் பக்கம் போனான். எட்டாம் பாகத்தை எடுத்து உட்கார்ந்து, மடியில் வைத்து, வலது பக்க அட்டையைத் திறந்தான். எதிரே நாற்காலியில் இருந்த அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், தப்பாத் தொறக்குற. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். மொதல்ல அந்த வீட்டப் பாரு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் அவன் புத்தகத்தைத் திருப்பி, அப்பா சொன்ன பக்கத்திலிருந்து திறந்தான்.